மேல்வயலுக்கு மட்டும் காபன் கிரெடிட்

பொத்துவிலில் பிறந்து கல்முனைக்கு மாப்பிள்ளையாக வந்தவர் மீராசாஹிபு. வந்த புதிதில் நிம்மதியாகத்தான் இருந்தார். மனைவி நதீராவின் தங்கை கமீலாவைக் கட்டிக்கொண்டு மஜீட் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். அன்றோடு நிம்மதி போனது. மஜீடுக்கும் இப்போது ஐம்பது வயதாகப் போகிறது, அவர் இவர் என்று சொல்ல வேண்டிய ஆள்தான். ஆனால் மீராசாஹிபுவின் மனதுக்குள் அவன் என்றைக்கும் அவன்தான். அவருடைய கதையைச் சொல்லும்போது நாமும் அவருக்கு ஏற்றபடியே சொல்லிவிட்டுப் போவோம்.

இந்தக் கிழக்குக் கடற்கரையில் வீடும் வயலும் பெண்ணின் பெயரில்தான் எழுதப்படும். ஆண் வெறுங்கையோடு வந்து அந்த வீட்டில் குடியிருப்பான், அந்த வயலைச் செய்வான். மாமனார் இரண்டு மகள்களுக்கும் நியாயமாகத்தான் பிரித்துக் கொடுத்தார். மூத்தவள் நதீராவுக்குப் பிரதான வீதியோரத்துக் கல்வீடும், நாவிதன்வெளிப் பக்கத்தில் கீழ்வயலும். இளையவள் கமீலாவுக்குக் கடற்கரைப் பக்கம் சின்ன வீடும், கீழ்வயலை ஒட்டிய மேல்வயலும். வீட்டில் குறைந்தவளுக்கு வயலில் கூட்டிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். மீராசாஹிபு வயலை மட்டும் பார்த்தார், வீட்டைப் பார்க்கவில்லை. கடல் பொங்கிய வருடம் கமீலாவின் வீடு அத்திவாரத்தோடு போனது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வாடகை வீடு வாடகை வீடாக அலைந்தார்கள். அதையும் அவர் பார்க்கவில்லை. பொறாமைக்காரனுக்கு ஒரு கண்தான் தெரியும் போலும்.

மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் என்ன வித்தியாசம் என்றால், தண்ணீர்தான். வாய்க்கால் தண்ணீர் முதலில் மஜீடின் வயலுக்குள் போகும். அங்கே நிறைந்த பிறகு, இரண்டு வயலுக்கும் பொதுவான வரம்பில் வெட்டிவைத்த வக்கடை வழியாக மீராசாஹிபுவின் வயலுக்கு இறங்கும். ஒரு மண்வெட்டி மண்ணைப் போட்டால் வக்கடை மூடும், எடுத்தால் திறக்கும். மஜீட் கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன், வயலுக்கு வாரத்தில் ஒரு முறை வந்தால் அதிகம். தண்ணீர் நின்றால் புல் முளைக்காது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, வக்கடையை மூடி வயலைக் குளம் மாதிரி வைத்திருப்பான். கீழே மீராசாஹிபு வரம்பில் நின்று வானத்தைப் பார்ப்பார். வேறு வழியில்லாமல், தண்ணீர் வந்தபோது பாய்ச்சி, வராதபோது காயவிட்டு, மூன்று மாதத்தில் விளையும் நெல்லாகப் பார்த்து விதைத்து, அரைத் தண்ணீரில் வேளாண்மை செய்யப் பழகிக்கொண்டார். மஜீட் விதைப்பது மூன்றரை மாத நெல். அவனுக்கென்ன அவசரம்!

கடைசி இரண்டு போகமும் கீழ்வயலில் சரியாக விளையவில்லை. இந்தச் சிறுபோகத்துக்கு விதைக்கும் முன்னர் நதீரா சொல்லிவிட்டாள்.

"இஞ்ச பாருங்க. இந்தப் போகமும் சப்பியாப் போனா, வயல வேற ஆளுக்குச் செய்யக் குடுத்துருவன். பொறகு என்னோட கோவிக்கப்படா."

நதீரா சும்மா சொல்கிற ஆள் இல்லை. வயல் அவள் பெயரில் இருக்கிறது. பொத்துவில்காரன் என்ற பெயர் போய், பள்ளிவாசலிலும் சந்தையிலும் 'வயல்கார மீராசாஹிபு' என்று பெயர் எடுக்க அவருக்குப் பாதி ஆயுள் போயிருக்கிறது. வயல் கையைவிட்டுப் போனால் அவர் யார்? நதீராவின் மாப்பிள்ளை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இந்த நிலையில்தான் காபன் கிரெடிட் வந்தது.

வயல் செய்கிறவர்களின் கமக்காரர் கூட்டத்துக்கு ஒரு நிறுவனத்திலிருந்து சுலோஜனா என்ற பெண் வந்தாள். நாவிதன்வெளியைச் சேர்ந்தவள், விவசாயம் படித்தவள், ஸ்கூட்டியில் ஊர் ஊராகத் திரிபவள். கையில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்திருந்தாள்.

"வயல்ல எந்நேரமும் தண்ணி நிண்டா சேத்துக்குள்ள காத்துப் போகாது. காத்தில்லாத சேத்துல இருக்கிற கிருமி, மீதேன் எண்டு ஒரு வாயுவ விடும். உலகத்தச் சூடாக்கிற வாயு அது. இடைக்கிடை வயலக் காயவிட்டா அது குறையும். இந்தக் குழாய சேத்துல நட்டு வெச்சா தண்ணி எவ்வளவு கீழ போயிருக்கு எண்டு உள்ளுக்கப் பாக்கலாம். நல்லாக் கீழ போன பொறகு திரும்பப் பாய்ச்சினாக் காணும். ஆனா கதிர் தண்டுக்குள்ள கட்டுற குடலைப் பருவத்திலயும் பூக்கிற நேரத்திலயும் மட்டும் காயவிடப்படா. பயிர் பட்டுப்போகும்."

"அதால எங்களுக்கு என்ன?" என்று ஒருவர் கேட்டார்.

"குறைஞ்ச வாயுவ டொன் கணக்கில கணக்குப் பாத்து, டொன்னுக்கு ஒரு கிரெடிட் எண்டு பதிவாங்க. வெளிநாட்டில புகை விடுற கம்பனியள் இருக்கே, தங்கட புகையில குறைக்க ஏலாத பங்குக்கு இந்தக் கிரெடிட்ட வாங்கும். அதில ஒரு பங்கு உங்களுக்கு வரும்."

"அப்ப அவன் புகைய விட்டுட்டே இருப்பான், நாங்க வயலக் காயவிடவா?"

சுலோஜனா சிரித்துவிட்டாள். "அப்பிடிச் சொல்லுற ஆக்களும் இருக்காங்க" என்றாள்.

மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, மீராசாஹிபு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காயவிடுவதா? அவர் இத்தனை வருடமாகச் செய்வதே அதைத்தானே! கடைசியில் அல்லாஹ் கண்ணைத் திறந்துவிட்டான். அன்று வீட்டுக்குப் போனவர் நதீராவிடம், "இனிப் பாரு" என்று மட்டும் சொன்னார். அன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

மறுவாரம் சுலோஜனா வயலைப் பார்க்க வந்தாள். முந்தைய போகங்களில் எப்படித் தண்ணீர் கட்டினீர்கள் என்று கேட்டாள். மீராசாஹிபு பெருமையாக எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க அவளுடைய முகம் வாடியது. 'நானா' என்று அண்ணன் முறை வைத்து மெதுவாகத் தொடங்கினாள்.

"நானா, உங்கட வயலச் சேக்க ஏலாது."

"ஏன் மிஸ்?"

"நீங்க முந்தியே காயவிட்ட ஆள். உங்கட வயல்ல குறைக்க ஒண்டுமில்லையே. இந்தத் திட்டம் வந்ததால என்ன குறைஞ்சதோ அதுக்குத்தான் கிரெடிட். திட்டம் வராட்டியும் நீங்க இப்பிடித்தான் செய்வீங்க. அத விக்க ஏலாது."

"அப்ப யாருக்குக் குடுப்பீங்க?"

சுலோஜனா மேல்வயலைப் பார்த்தாள். அங்கே தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது.

மீராசாஹிபு விடவில்லை. "இது என்ன நியாயம் மிஸ்? வருசம் முழுக்க அஞ்சு வக்துத் தொழுதவனுக்கு ஒண்டுமில்ல, பெருநாளைக்கு மட்டும் பள்ளிக்கு வந்தவனுக்கு மாலையா?"

"நீங்க செய்தது நல்ல வேலை நானா. ஆரும் இல்லையெண்டு சொல்லல. ஆனா நல்லதுக்கு வேற கணக்கு, குறைச்சதுக்கு வேற கணக்கு. இல்லாத புகையக் குறைச்சதா எழுதி வித்தா, வாங்கினவன் அந்தக் கணக்கக் காட்டி மெய்யான புகைய விடுவான். கடைசியில உலகத்துக்கு நட்டம்."

நியாயமான பேச்சுத்தான். மீராசாஹிபுவுக்கும் அது புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. "நான் இனித் தண்ணிய நிரப்பி வெச்சுட்டுப் பொறகு குறைச்சா?" என்று கேட்டுப் பார்த்தார். "அது களவு நானா, முந்தின போகங்களத்தான் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவள் மேல்வயலுக்கு ஏறினாள். தன் வயலுக்கு இத்தனை காலமும் தண்ணீர் விடாதவனுக்கு, இனி விடுவதற்குக் காசும் மரியாதையும்! மீராசாஹிபு வரம்பில் நின்று காறித் துப்பினார். காற்று எதிர்க்காற்று. சட்டையில் விழுந்தது.

பிறகு நடந்ததெல்லாம் எரிகிற நெருப்பில் எண்ணெய். மேல்வயலில் குழாய் நட்டார்கள். மஜீட் அதன் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற படம் நிறுவனத்தின் பேஸ்புக்கில் வந்தது. மகள் அம்ஹா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"வாப்பா, சாச்சாட படம்! எத்தின பேர் லைக் போட்டிருக்காங்க பாருங்க!"

"அவன்ட தொப்பையத்தான் படம் புடிச்சிருக்கானுகள்" என்று சொல்லி மீராசாஹிபு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை படிக்கப் போன பிறகு போனை எடுத்து, தெரிந்தவர்களில் யார் யார் லைக் போட்டார்கள் என்று பார்த்தார். நதீராவும் போட்டிருந்தாள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மஜீட் வயலைக் காயவிட வேண்டும் என்றால், நிற்கிற தண்ணீரை எங்கேயாவது விட வேண்டும். கீழ்வயலைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே வக்கடை திறந்தது. எத்தனை வருடம் கெஞ்சியும் வராத தண்ணீர் தானாக இறங்கி வந்தது. கீழ்வயலில் பயிர் கருகருவென்று எழும்பியது. இப்படி ஒரு பயிரை அந்த மண்ணில் மீராசாஹிபு கண்டதே இல்லை. வேறு யாராவது என்றால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு அறுவடைக்குக் காத்திருப்பான்.

இவருக்கு அது முடியவில்லை. ஹிஷாமின் தேத்தண்ணிக் கடையில் ஒருநாள், மீராசாஹிபுவைக் 'காக்கா' என்று அண்ணன் முறையில் அழைக்கிற ஹிஷாம் வேறொன்றும் நினைக்காமல் சொன்னான்: "உங்கட வயல் இந்தமுற நல்லாக் கிடக்காமே காக்கா? எல்லாம் மஜீட்டுட புண்ணியம்."

மஜீடின் புண்ணியம்! மீராசாஹிபு பாதித் தேநீரோடு எழுந்து போனார். உழுதது இவர், விதைத்தது இவர், புல் பிடுங்கியது இவர். பெயர் அவனுக்கா? விளைந்தால் மஜீடின் புண்ணியம், விளையாவிட்டால் மீராசாஹிபுவின் கையாலாகாத்தனம். கிட்டங்கிப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் போகும்போது அவர் தனக்குள்ளேயே சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டு போனதை வலை வீசிக்கொண்டு நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து சரிபார்க்கிறவர்கள் வருவதாக மஜீடே வந்து சொன்னான். வேறு ஒரு நிறுவனத்துக்காரர்கள், யாருக்கும் வேண்டியவர்களில்லை. வயலுக்கு வந்து குழாய்க்குள் பார்ப்பார்கள். தண்ணீர் கீழே போயிருந்தால் சரி, மேலே நின்றால் இந்தப் போகம் கணக்கில் வராது.

மஜீட் வாய்க்கால் பக்கத்தை அடைத்துவிட்டுக் கடைக்குப் போனான். மீராசாஹிபு வரம்பில் நின்றார். வக்கடையில் தண்ணீர் சலசலவென்று தன் வயலுக்குள் இறங்குவதைப் பார்த்தார். ஒரு மண்வெட்டி மண். அவ்வளவுதான் வேண்டும். மேல்வயல் தண்ணீருக்குப் போக இடம் இருக்காது. செவ்வாய்க்கிழமை குழாய் நிறையத் தண்ணீர் நிற்கும். மஜீடின் தொப்பை மறுபடி பேஸ்புக்கில் வராது.

அவர் மண்ணைப் போட்டார். காலால் மிதித்து இறுக்கினார். ஆயுள் முழுக்க எந்த வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினாரோ, அந்த வாயைத் தன் கையாலேயே மூடினார். மூடியபோது உடம்பில் ஒரு சுகம் பரவியது. அதை மறைக்க என்ன இருக்கிறது!

மஜீட் வந்து பார்த்தான், மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டான். "நண்டு மண்ணத் தள்ளியிருக்கு காக்கா. இந்த வருசம் நண்டு கூட" என்றான்.

"ஓம் ஓம், நண்டுதான்" என்றார் மீராசாஹிபு. அவன் போன பிறகு நண்டு மறுபடி வேலையைத் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை சரிபார்க்கிறவர்கள் வரவில்லை. வாகனம் பழுது, வெள்ளி கழித்து வருவார்கள் என்று செய்தி வந்தது. இடையில் மேற்கே எங்கோ பெய்த மழையில் வாய்க்கால் பொங்கி மேல்வயலுக்குள்ளும் வழிந்தது. கீழே ஒரு துளியும் இறங்கவில்லை. கச்சான் காற்று நெருப்பாக வீசியது. மூன்று மாத நெல் அல்லவா, கீழ்வயல் அப்போதுதான் குடலை கட்டி நின்றது. மீராசாஹிபு மண்ணைத் தொட்டுப் பார்த்தார். வெடிப்பு விரல் நுழைகிற அளவுக்கு இருந்தது. திறந்துவிடலாமா என்று மண்வெட்டியைத் தூக்கினார். பக்கத்தில் அந்தக் குழாயைக் கண்டார். என்ட வயல் தாங்கும், எத்தனை காய்ச்சலைக் கண்ட வயல், இன்னும் ஒரு நாள்தானே என்று மண்வெட்டியைக் கீழே வைத்தார். வெள்ளி கழிந்தும் அவர்கள் வரவில்லை. அடுத்த நாள், அடுத்த நாள் என்று அவர் தன் பயிருக்குத் தவணை சொல்லிக்கொண்டே இருந்தார். இலைகள் சுருண்டு ஊசியாகின.

கடைசியில் அவர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கக் கமீலா புரியாணி ஆக்கியிருந்தாள். சட்டி தூக்க ஆள் வேண்டும் என்று ராத்தா நதீராவையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் வந்தாள். நதீரா வயலுக்கு வந்து நாளாகியிருந்தது.

சரிபார்க்கிறவர் குழாய்க்குள் பார்த்தார், படம் எடுத்தார், தலையை ஆட்டினார். இந்த வயலை இந்தப் போகத்துக்குச் சேர்க்க முடியாது. சுலோஜனாவுக்கு அழுகை வராத குறை. மஜீட் வக்கடையடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "பாழாப்போன நண்டு" என்று கையை உதறினான். பிறகு வந்தவர்களைப் பார்த்து, "அது கிடக்கட்டும் சேர், சோறு ஆறப்போகுது, வாங்க" என்றான். அடுத்த போகம் பார்த்துக்கொள்ளலாமாம்.

மீராசாஹிபு இதற்காகவா பயிரைக் காயவிட்டார்? அவன் துடிப்பான், நெஞ்சில் அடித்துக்கொள்வான் என்றல்லவா காத்திருந்தார்! அவனோ இறைச்சித் துண்டைப் பொறுக்கி அவருடைய தட்டில் போட்டு, "தின்னுங்க காக்கா" என்கிறான்.

நதீரா சாப்பிடவில்லை. அவள் வரம்பில் நின்று ஒரு பக்கம் நிற்கிற தண்ணீரையும் மறுபக்கம் வெடித்த மண்ணையும் பார்த்தாள். குனிந்து வக்கடையைப் பார்த்தாள். கீழ்ப்பக்கத்து மண்ணில் பெரிய பாதம் பதிந்திருந்தது. அவள் தன் காலால் அந்தத் தடத்தை அழித்துவிட்டு ஓட்டோவில் ஏறினாள்.

அன்று பின்னேரம் மீராசாஹிபு வக்கடையை வெறுங்கையால் தோண்டித் திறந்தார். தண்ணீர் பாய்ந்து வந்தது. ஆனால் குடலையில் பட்டுப்போன பயிர் தண்ணீரைக் கண்டு பச்சையாகுமே தவிரப் பால் பிடிக்காது. அறுவடை நாளில் வெட்டு மெசினின் பின்பக்கத்தால் பறந்ததுதான் அதிகம், மூட்டையில் விழுந்தது கொஞ்சம்.

நதீரா முற்றத்தில் கிடந்த நெல்லை ஒரு பிடி அள்ளி ஊதினாள். பாதிக்கு மேல் பறந்தது.

"என்ன நடந்த?" என்றாள்.

"நண்டு… வக்கடைய…"

"எந்த நண்டு மனிசன்ட காலோட நடக்கிற?" அவளுடைய குரல் உயரவில்லை. "தன்ட மூக்குப் போனாலும் பரவால்ல, எதிரிக்குச் சகுனப் பிழையாகணும். அதானே? அவன் உங்கட எதிரியும் இல்ல. என்ட தங்கச்சிட மாப்புள. நான் ஒத்தருக்கும் சொல்லல, சொல்லவும் மாட்டன். உங்கட மானம் என்ட மானம். ஆனா வயல் இனி உங்களுக்கு இல்ல."

"ஆருக்குக் குடுக்கப் போற?"

"தண்ணி அவங்கட கையிலதானே கிடக்கு. கமீலாட்டச் சொல்லிட்டன்."

மீராசாஹிபு அவளுக்கு முன்னால் வந்து நின்றார். யாருக்காவது கொடு, கோமாரி ஊரிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து கொடு, விற்றுக்கூடப் போடு, அவனுக்கு மட்டும் வேண்டாம் என்று காலில் விழுந்து கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நதீரா சம்மதித்திருக்க மாட்டாள்.

மஃரிபுத் தொழுகை முடிந்து மஜீட் வந்தான். கையில் ஒரு பெட்டி தொதல் இனிப்பு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது தெரிந்தது. கதிரையின் நுனியில் உட்கார்ந்தான்.

"காக்கா, இது நான் கேட்ட இல்ல. ராத்தா சொல்லி, கமீலா ஒரே புடியா நிண்டதால ஓமெண்ட. உங்களுக்கு மனசில்லாட்டி இப்பவே சொல்லுங்க, விட்டுர்றன்."

உள்ளே தேத்தண்ணிக் கோப்பைகளின் சத்தம் நின்றது. நதீரா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"எனக்கென்ன" என்றார் மீராசாஹிபு.

மஜீடின் முகம் மலர்ந்தது. "அப்ப ஒரு உதவி செய்யணும் காக்கா. எனக்குக் கடைய விட்டுட்டு வர ஏலாது. தண்ணிப் பக்கத்த நீங்களே பாத்துக்குங்க. அந்த வக்கடைய உங்கள மாதிரி ஒத்தருக்கும் தெரியா."

மீராசாஹிபு சட்டென்று நிமிர்ந்து அவனுடைய முகத்தைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், ஒரு கேலிச் சிரிப்பு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் தேடினார். மஜீட் தொதல் பெட்டியைத் திறந்து அவர் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் கள்ளம் கொஞ்சமாவது இருந்திருந்தால் மீராசாஹிபு அன்று தூங்கியிருப்பார்.